மறியல் கிளை

எவர்றைஸ் பினான்ஸ் கம்பனியில் யாருக்கும் வேலை கொடுப்பதில்லை. வேலை கொடுப்பது அரசாங்கமும் சாப்பாட்டுக்கடைக்காரரும் செய்கிற காரியம். எவர்றைஸில் 'கரியர்' கொடுப்பார்கள், அதாவது எதிர்காலம். வேலைக்குச் சம்பளம் உண்டு. கரியருக்குச் சம்பளம் கேட்பவனுக்கு முன்னேற்றத்தில் நம்பிக்கையில்லை என்று அர்த்தம். முதல் ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் பஸ் காசும் ஒரு நீலக் கழுத்துப்பட்டியும் தருவார்கள். கழுத்துப்பட்டியின் விலையைப் பஸ் காசில் கழித்துக்கொள்வார்கள்.

ஹியூபேட் இந்தக் கரியருக்குள் விழுந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டின் நடுப்பகுதியில். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கமொன்றில் மண்ணெண்ணெய் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன். இடம்பெயர்ந்து, வவுனியா முகாமில் கிடந்து, பயண அனுமதிப் பாஸ் கிடைத்துக் கொழும்புக்கு வந்தான். கொட்டாஞ்சேனையில் றோஸி அன்ரி வீட்டுப் பின்னறையில் மனைவி மரியகொறற்றியோடும் மூன்று வயது மகளோடும் ஒதுங்கியிருந்தான். அந்த அறையில் மூன்று பேரும் படுக்கலாம். ஒருவர் எழும்பினால் இன்னொருவர் வெளியே போகவேண்டும்.

றோஸி அன்ரி கெட்டவர் இல்லை. செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துபவர். ஆனால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் வந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் அவர் பின்னறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, வேலை வெட்டி இல்லாத தமிழ்ப் பொடியனை ஏன் வீட்டில வைச்சிருக்கிறாய் எண்டு அவங்கள் என்னைக் கேக்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? டிசம்பர் முடியிறதுக்குள்ள நிரந்தர வேலை எண்டு ஒரு கொம்பனிக் கடிதம் காட்டுங்க. இல்லாட்டி அந்தோனியார் மேல சத்தியமா அறையைப் பூட்டிப்போடுவன். பிறகு என்னைக் கோவிக்கக் கூடாது."

எவர்றைஸிலும் டிசம்பர் முடிவில்தான் நிரந்தரக் கடிதம். அதற்குக் கம்பனியில் காசு வைப்புப் போடுகிற முப்பது புதிய வைப்பாளர்களைக் கொண்டுவரவேண்டும். அந்தக் கடிதம் கிடைத்தால் அறை இருக்கும். கிடைக்காவிட்டால் பெட்டியும் பிள்ளையுமாய்த் தெருவில் நிற்கவேண்டும். அப்படித் தெருவில் நிற்கிற தமிழ்க் குடும்பத்தை அந்தக் காலக் கொழும்பு எங்கே ஏற்றிக்கொண்டுபோகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எவர்றைஸில் காலை எட்டு மணிக்கு வழிபாடு நடக்கும். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு வெறும் நாற்காலி. அதற்கு மல்லிகை மாலை. அதுதான் வாடிக்கையாளர். எல்லாரும் அதைச் சுற்றி நின்று கம்பனிப் பாட்டைப் பாடவேண்டும். முந்தின நாள் ஒரு வைப்பாளரையும் பிடித்துக்கொண்டுவராதவர்கள் முன்னால் வந்து நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். ஹியூபேட் முதல் மாதம் முழுவதும் மன்னிப்புக் கேட்டான். அவனுக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறி வாங்க மட்டுமே போதும் என்பதால் தமிழில் கேட்டான். வெறும் நாற்காலியோடு யாரோ தமிழில் கதைக்கிறான் என்று காவலாளி மேலிடத்துக்கு முறைப்பாடு செய்தார். அதற்குப் பிறகு சத்தமில்லாமல் மன்னிப்புக் கேட்கும்படி உத்தரவு வந்தது.

இடம்பெயர்ந்த தமிழர் நிறைந்த வெள்ளவத்தையை அவனுக்கு ஒதுக்கியவர் மார்க்கெட்டிங் மனேஜர் நமசிவாயம். அலுவலகத்தில் அவர் மிஸ்டர் நேம்ஸ். தமிழரைப் பற்றிப் பேசும்போது 'அந்த ஆக்கள்' என்பார். சொந்த ஊர் சுன்னாகம்.

"வெள்ளவத்தை எண்டால் என்ன ஹியூபேட்?" என்று அவர் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "லண்டன், டொரொன்டோ, சூரிச் எல்லாம் காசு போடுற உண்டியல். யுத்தம் துன்பம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் மார்க்கெட்டிங் கண்ணால பாரும். இவ்வளவு சனத்தையும் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில ஒரு செலவுமில்லாமல் கொண்டுவந்து சேத்துத் தந்தது ஆர்? எந்த விளம்பரத்தால ஏலும்? பாவம் எண்டு நினையாதையும். மார்க்கெட் எண்டு நினையும்."

பிறகு பதினொரு கேள்விகளைச் சொல்லித் தந்தார். வீட்டில் ஆம்பிளையள் எத்தனை பேர், வயதென்ன, எப்போது கொழும்புக்கு வந்தீர்கள், ஊர் எது, வெளிநாட்டில் யார், காசு எந்த வழியாக வருகிறது, வந்தால் வீட்டில் எங்கே வைக்கிறீர்கள், எப்போது இங்கிருந்து போவதாக உத்தேசம் என்று இப்படிப் போகும். "எழுதிக்கொண்டு போகாதையும். அந்த ஆக்கள் பேப்பரைக் கண்டால் பயம். பாடமாக்கி, சிரிச்சுக்கொண்டு கேளும்."

ஹியூபேட் பாடமாக்கினான். கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றுக்குள் இறங்கினான். முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். பத்மாவதி என்ற ஓய்வுபெற்ற ரீச்சர் திறந்தார்.

"வணக்கம் அம்மா. உங்கட வீட்டில ஆம்பிளையள் எத்தினை பேர்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான்.

ரீச்சரின் முகத்தில் இரத்தமில்லை. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. பின்பக்கம் யாரோ மதில் ஏறிக் குதித்தார்கள்.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி. நான் தனிய."

"வெளிநாட்டில பிள்ளையள் இருக்கினமோ? காசு ஒழுங்கா வருகுதோ?"

இப்போது ரீச்சருக்கு வேறொரு விளக்கம் கிடைத்தது. வந்தவன் பொலிஸ் பக்கத்து ஆள் இல்லை, இயக்கத்துக்குக் காசு சேர்க்கிற ஆள். உள்ளே போய் ஒரு கடித உறையை எடுத்துவந்து அவன் கைக்குள் திணித்தார். "போன மாசமும் ஒருத்தர் வந்தவர். என்னால இவ்வளவுதான் ஏலும். பேர் மட்டும் எங்கயும் பதியாதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்."

ஹியூபேட் பற்றுச்சீட்டு எழுத எடுத்தான். ரீச்சர் அழத் தொடங்கினார். மறுநாள் அவன் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனான். போதாது என்று திருப்பித் தருகிறான் என நினைத்து, காதிலிருந்த தோட்டையும் கழற்றிக் கொடுத்தார். எல்லாவற்றையும் வாசற்படியில் வைத்துவிட்டு ஓடிவந்தவனிடம் நமசிவாயம் மிகவும் கோபித்துக்கொண்டார். "வட்டி வீதம் கூடக் கேக்காமல் காசு தாற கஸ்டமரை விட்டிட்டு வாறீரே! அதுக்குப் பேர் நம்பிக்கை ஐசே. நம்பிக்கைதான் எங்கட தொழில்."

நாலு மாதம் இப்படியே போயிற்று. அவன் ஒழுங்கைக்குள் கால் வைத்தால் றேடியோக்கள் நிற்கும். லொட்ஜுகளில் இருந்த பொடியள் பின்வாசலால் இறங்குவார்கள். பாதி வெள்ளவத்தை அவனைப் பொலிஸுக்குத் தகவல் கொடுப்பவன் என்றது. மீதி, காசு சேர்ப்பவன் என்றது. அவன் வைப்புச் சேர்க்க வந்தவன் என்று சொன்னபோது இரண்டு பகுதியும் நம்பவில்லை. உறைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுப்பதிலேயே பாதி நாள் போனது. வைப்பாளர் ஒருவரும் சேரவில்லை. இரவில் மகள் தூங்கிய பிறகு மரியகொறற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பதைத் தாங்க முடியாமல் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான்.

டிசம்பர் பன்னிரண்டாந் திகதி லொட்ஜுகளில் ரவுண்டப் என்கிற சுற்றிவளைப்பு நடந்தது. அள்ளிக்கொண்டு போனவர்களோடு ஹியூபேட்டையும் ஏற்றினார்கள். வீடு வீடாகப் போகிற, வீட்டுக்காரர் உறை கொடுக்கிற, கழுத்துப்பட்டி கட்டிய தமிழன் ஒருவனைப் பற்றி ஏற்கெனவே பொலிஸ் நிலையத்துக்குத் தகவல் போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் வயதான மனிதர். அரைத் தமிழில் கதைத்தார். "நீ வீடு வீடா போய் என்ன கேக்கிறது?"

ஹியூபேட் பதினொரு கேள்விகளையும் ஒப்புவித்தான். பயத்தில் சிரிப்பையும் சேர்த்தே ஒப்புவித்தான். இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணினார்.

"இது எங்கட கேள்விதானே. நாங்க ஏழுதான் கேக்கிறது." கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு மற்ற நான்கையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஹியூபேட்டைப் பார்த்தார். "நீ கம்பனி ஆள் எண்டால் கம்பனி வந்து சொல்லட்டும். சொன்னா போகலாம்."

மறுநாள் நமசிவாயம் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்தார். கம்பிக்குப் பின்னால் நின்ற ஹியூபேட்டுக்கு அவரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அந்த மனிதரைக் கண்டு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"இவர் உங்க ஆளா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பயிற்சிக் காலத்தில இருக்கிறார் சேர். பயிற்சிக் காலத்தில ஒருத்தர் எங்கட ஆள் எண்டும் சொல்ல ஏலாது, இல்லையெண்டும் சொல்ல ஏலாது. நிரந்தரமான ஆக்களைத்தான் கம்பனி அடையாளம் காட்டும். அது பொலிசி."

"எப்ப நிரந்தரம்?"

"முப்பது பேரைச் சேத்து டாகெட் அடிச்ச பிறகு."

"எப்ப டாகெட் அடிக்கும்?"

"நீங்க விட்ட பிறகு."

"நீங்க நிரந்தரமாக்கின பிறகுதான் நான் விடலாம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். தேநீர் வந்தது. இன்ஸ்பெக்டரின் மகளுக்குச் சிறுவர் சேமிப்புக் கணக்கொன்று விசேட வட்டியில் திறப்பதென்று முடிவாகியது.

போகிற வழியில் நமசிவாயம், பிடித்தவர்களை அடைத்திருந்த மறியல் கூட்டுக்கு முன்னால் நின்றார். உள்ளே இருபத்தைந்து பேரளவில் கால் மடக்க இடமில்லாமல் இருந்தார்கள். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், அண்ணன்மார் அனுப்புகிற காசில் லொட்ஜில் இருந்தவர்கள். நமசிவாயம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"ஹியூபேட், இவ்வளவு காலமும் கதவைத் தட்டினீர். சாத்தினாங்கள். இஞ்ச பாரும் ஐசே. இவங்களால சாத்த ஏலாத கதவு!"

"சேர், இவை அழுதுகொண்டு இருக்கினம்."

"அப்ப கேட்பினம். வெளியில நிக்கிற ஆக்களுக்கு ஆயிரம் யோசனை. இஞ்ச வேற யோசனைக்கு இடமில்லை. இப்பிடி ஒரு ஓடியன்ஸ் கிடைக்க நான் இருபது வருசம் சேவிஸ் செய்தும் குடுத்துவைக்கேல்லை."

ஹியூபேட்டுக்குப் பக்கத்தில் இருந்த முத்துலிங்கம்தான் முதலில் கேட்டான். அவன் சுவிஸுக்குப் போகக் காத்திருந்தவன். "அண்ணை, உங்கட கொம்பனியில காசு போட்டால் ஒரு காட் தருவாங்களோ? படத்தோட?"

தருவார்கள். அதில் வைப்பாளர் என்றும் கொழும்பு முகவரியும் இருக்கும். முத்துலிங்கத்தின் தமக்கை வெளியே காசைக் கட்டினாள். அட்டை வந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்ற கேள்விக்கு அதுவரை யாரும் கொண்டுவராத பதில் அது. "இவர் முதலீடு செய்யிற ஆள். விடுங்க."

அன்று முதல் பொலிஸ் நிலையம் எவர்றைஸின் கிளையாகியது. வெளியே மனைவிமாரும் தாய்மாரும் வரிசையில் நின்று காசு கட்டினார்கள். உள்ளே ஹியூபேட் வட்டி வீதத்தை விளங்கப்படுத்தினான். ஒருவரும் வட்டி வீதத்தைக் கேட்கவில்லை. ஆனால் விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்குவது நேர்மையில்லை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஐந்து, எட்டு, பதினைந்து என்று ஆட்கள் போனார்கள். புதிய சுற்றிவளைப்பில் புதியவர்கள் வந்தார்கள். கம்பனி வழிபாட்டில் ஹியூபேட்டின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்களாம். நமசிவாயம் வந்து சொன்னார்.

"சேர், நானும் ஒரு வைப்புப் போட்டால் காட் கிடைக்குமோ? மனிசியின்ர சங்கிலியை வித்தாவது..."

"ஊழியர் வைப்புப் போட ஏலாது. பொலிசிக்கு மாறு."

"நான் உங்கட ஊழியன் எண்டு அப்ப சொல்லுங்கோவன்."

"அதுதான் சொன்னனே. பயிற்சிக் காலம்."

சின்னராசா என்றொருவன் இருந்தான். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பொடியன். கோட்டையில் ஹோட்டலொன்றில் பிளேன்டி ஆற்றிக்கொண்டிருந்தவன். அடையாள அட்டை முதலாளியிடம் இருந்தது. முதலாளியோ பயந்துபோய் அவனைத் தெரியாது என்றுவிட்டார்.

"அண்ணே, எனக்கு ஒரு காட் எடுத்துக் குடுங்க. காசு பொறவு வேலை செஞ்சு கட்டுறேன். அம்மா கொழுந்து பறிக்குது. வெளிநாட்டுல எங்களுக்கு யாரும் இல்லண்ணே."

ஹியூபேட் நமசிவாயத்திடம் இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை கேட்கப் போனபோது கூட்டில் சின்னராசா இல்லை. விடியப்புறம் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த இடம் என்று கொன்ஸ்டபிளுக்குத் தெரியவில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை.

"பாவம்தான்" என்றார் நமசிவாயம். "ஆனால் அவர் எங்கட செக்மென்ட் இல்லைத்தானே."

அன்றைக்கு ஹியூபேட் சாப்பிடவில்லை. அவனுக்கு அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்து நெரிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் இரவு வெளியே லொறி வந்து நின்றபோது, இறங்கிய தலைகளைத் தன் கண் எண்ணுவதை அவன் கண்டுகொண்டான். ஆறு பேர்தான். இவ்வளவு குறைவா என்று மனதுக்குள் ஒன்று சொன்னது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். பிறகு எழும்பி, கழுத்துப்பட்டியை நேராக்கி, வந்தவர்களிடம் போய் வணக்கம் சொன்னான்.

மரியகொறற்றி ஒவ்வொரு நாளும் மகளைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சோற்றுப் பார்சலோடு வந்தாள். றோஸி அன்ரி கதைப்பதை நிறுத்திவிட்டாராம். புருஷனைப் பிடித்துக்கொண்டுபோன பிறகும் முப்பத்தோராந் திகதி வரைக்கும் பொறுத்திருப்பது அந்தோனியாருக்காகத்தான் என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னாராம்.

"கடிதத்தைக் காட்டினால் அன்ரி இருக்க விடுவாவோ?" என்று ஹியூபேட் கேட்டான்.

"காட்டினால் விடுவா. பெரிய கொம்பனி முத்திரையெண்டால் பொலிஸுக்கும் காட்டலாமெண்டு சொன்னவ."

டிசம்பர் இருபத்தொன்பதாந் திகதி காலை வைப்பாளர் தொகை இருபத்தெட்டு. கூட்டில் ஹியூபேட்டைத் தவிர ஒருவருமில்லை. காசு கட்டியவர்கள் அட்டையோடு வீட்டுக்கும், கட்ட முடியாதவர்கள் சின்னராசாவைப் போல வேறு இடத்துக்கும் போய்விட்டார்கள். நமசிவாயம் வந்து, உள்ளேயும் வெளியேயும் பார்த்துக் கவலைப்பட்டார்.

"இன்னும் ரெண்டே ரெண்டு பேர் ஐசே. கடிதம் அடிச்சு என்ர மேசையில கிடக்கு. கையெழுத்து வைக்கிறதுதான் மிச்சம். முப்பத்தோராந் திகதிக்குப் பிறகு ஆள் எடுக்கிறதில்லையெண்டு மேலிடம் சொல்லிப்போட்டுது. வெளியில போய்ப் பிடிப்பன் எண்டு மட்டும் நினையாதையும். நாலு மாசம் வெளியில நிண்டு ஒரு ஆளைப் பிடிச்சீரா?"

அவர் போன பிறகு இன்ஸ்பெக்டர் ஹியூபேட்டை மேசைக்கு அழைத்தார். முகத்தில் ஒரு களைப்பு இருந்தது.

"உன்னில ஒண்டும் இல்ல. நான் விசாரிச்சன். போ. வீட்டுக்குப் போ."

ஹியூபேட் அசையவில்லை. இவ்வளவு நாளும் கனவில் கேட்ட சொல் அது. ஆனால் கால் வாசல் பக்கம் நடக்கவில்லை.

"சேர், முப்பத்தோராந் திகதி வரைக்கும் நான் இஞ்ச இருக்கலாமோ?"

"என்ன?"

"ரெண்டு நாள்தான் சேர். கரைச்சல் தரமாட்டன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உனக்குப் பைத்தியமா? காரணம் இல்லாம ஒரு ஆளைக் கூட்டுக்குள்ள வைக்க ஏலாது. சட்டம் இருக்கு."

பதினேழு நாட்களில் அந்த அறையில் சட்டம் என்ற சொல் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹியூபேட் என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு குற்றமும் செய்யாமல் இருந்துவிட்டது எவ்வளவு பெரிய பிழை என்று அவனுக்கு அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் கொன்ஸ்டபிளை அனுப்பி, வாசலில் சோற்றுப் பார்சலோடு நின்ற மரியகொறற்றியை உள்ளே கூப்பிட்டார். பெண்சாதி வந்தால் இந்த விசர் தெளியும் என்று நினைத்திருக்கவேண்டும்.

"நோனா, உங்க புருஷனை நான் விட்டாச்சு. அவர் போகமாட்டேன் எண்டு சொல்றது. கூட்டிக்கொண்டு போங்க."

மரியகொறற்றி புருஷனைப் பார்த்தாள். தாடி வளர்ந்து, சேட்டுக் கொலர் கறுத்து, கழுத்து எலும்பு தெரிய நின்றான். மகள் கையை நீட்டி அவனிடம் தாவினாள்.

"கடிதம்?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு பேர் வேணும். வெளியில வந்தால் கிடையாது."

அவள் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு அழுதாள். பிள்ளையும் அழுதது. இன்ஸ்பெக்டருக்கு ஆறுதலாக இருந்தது. அழுதுமுடித்துப் புருஷனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்று காத்திருந்தார். கொன்ஸ்டபிள் வாசல் கதவை நன்றாக அகலத் திறந்துவைத்தார்.

மரியகொறற்றி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சோற்றுப் பார்சலை ஹியூபேட்டிடம் கொடுத்தாள். பிறகு இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வந்து நின்று, மரக்கறிச் சந்தையில் பழகிய சிங்களத்தில், மிகவும் பணிவாகக் கேட்டாள்:

"இன்ஸ்பெக்டர் மஹத்தயா, இண்டைக்கு இரவு வெள்ளவத்தையில ரவுண்டப் இருக்கோ?"